வானக் காவலும் மண்ணின் மக்களும்

தமிழாசிரியர் ஒருவர், தொண்டைமானாறு

கல்லூரித் தாயின் விழா மலரிலே படைக்கலங்களைப் பற்றி எழுதத் தமிழாசிரியர்க்கு என்ன தகுதி உண்டு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. யாம் போர்த்தொழில் கற்றவரல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் பத்திரம் ஒன்றே எம் கைமுதல். ஆயினும், வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வானிலே தொங்கிய கோட்டையை அழித்த சோழனைத் 'தூங்கெயில் எறிந்தவன்' எனப் பழந்தமிழ் நூல்கள் புகழ்வதை ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இப்போது ஆளில்லா வானூர்திகள் கூட்டங் கூட்டமாக வந்து நகரங்களைத் தாக்குகின்றன. ஹெலிகொப்டரில் ஏறிச் சென்று அவற்றைச் சுட்டு வீழ்த்துகிறார்களாம். அது நல்ல முறைதானா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெலிகொப்டர் என்ற பெயரைக் கேட்டவுடன் எம் தலைமுறையினர் நெஞ்சில் எழுவது காவல் அன்று, அச்சமே.

1987 ஆம் ஆண்டு வைகாசியில் வடமராட்சியிலே பெரும் படைநடவடிக்கை நிகழ்ந்தபோது யாம் சிறு பிள்ளைகள். "ஹெலி வருகுது" என்ற குரல் எழுந்ததும், பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழிக்குள் அன்னையார் எம்மை இழுத்துச் செல்வார். மேலிருந்து வீழ்ந்த சன்னக் கோதுகளை மறுநாள் மணலிலே பொறுக்கியதும் நினைவில் உண்டு. அந்த ஊர்தியையே இன்று மக்களைக் காக்கும் கேடயம் என்று உலகம் பேசுகின்றது. அப்பேச்சு எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று ஆராய்தல் எம் போன்றோர்க்கும் உரிய கடமையே என்று கருதுகின்றோம்.

முதலில் மெய்யைக் கூறுவோம். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் உக்ரேன் நாட்டின் மீது ஏவப்பட்டுவரும் ஷாஹெட் என்னும் ஈரானிய ஆளில்லா ஊர்தி மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பது. அதன் விலை 20,000 முதல் 50,000 டொலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். அதனை வீழ்த்தப் பேட்ரியட் ஏவுகணை ஒன்றை எய்தால், எய்தவர்க்கு ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் செலவு. எலிக்காக வீட்டைக் கொளுத்திய கதை இதுவன்றோ? பகைவன் ஊர்தியால் வெல்லாவிடினும், செலவால் வென்றுவிடுவான்.

விரைவிற் சிறந்த போர் விமானங்களை அனுப்பலாகாதோ எனின், அங்கும் இடர்ப்பாடு உண்டு. மெல்லப் பறப்பதை மிக விரைந்து பறப்பது பின்தொடர்தல் அரிது. 2022 ஒக்டோபரில் வின்னித்சியாப் பகுதியில் ஷாஹெட் ஒன்றை வீழ்த்திய உக்ரேனிய மிக்-29 விமானம், அதன் சிதறல் பட்டுத் தானும் வீழ்ந்தது. விமானி குதித்து உயிர் தப்பினார்.

இவ்விடத்தேதான் ஹெலிகொப்டரின் சிறப்பு விளங்குகின்றது. அது ஆளில்லா ஊர்தியின் வேகத்துக்கு இசையப் பறக்கும். அருகே அணைந்து பார்க்கும். ஏவுகணையை விடுத்து, மலிவான துப்பாக்கிச் சன்னத்தாற் சுடும். தாழப் பறந்து நிலத்து ராடாரை ஏய்ப்பதனை மேலிருந்து காணவும் வல்லது. உக்ரேனியர் மி-8, மி-24 ஆகியவற்றை இத்தொழிலில் ஈடுபடுத்தினர். 2024 மார்ச் 20 இல் செங்கடலிலே பிரெஞ்சுக் கடற்படையின் ஹெலிகொப்டர் ஒன்று, யேமனிலிருந்து ஹூதிகள் ஏவிய ஊர்தியைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தியது. 2025 செப்டெம்பரில் ஆளில்லா ஊர்திகள் போலந்து எல்லையைக் கடந்த இரவிலும், போர் விமானங்களோடு ஹெலிகொப்டர்களும் எழுந்தன. எனவே மாணவன் கேட்ட முறை கேலிக்குரியதன்று; ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இனி அதன் குறைகளையும் கூறுதல் வேண்டும். 2024 ஒக்டோபர் 13 இல் லெபனானிலிருந்து வந்த ஊர்தி ஒன்று, துரத்திச் சென்றோர் கண்ணுக்கும் ராடாருக்கும் தப்பி, இஸ்ரேலின் பின்யாமினாவுக்கு அருகிலுள்ள படைமுகாமின் உணவு மண்டபத்தில் வீழ்ந்தது. படையினர் நால்வர் மாண்டனர். 2024 டிசெம்பர் 31 இல் கருங்கடலிலே உக்ரேனின் ஆளில்லாப் படகு ஒன்று ஏவுகணை எய்து, உருசிய மி-8 ஒன்றை வீழ்த்தியதாக அந்நாடு அறிவித்தது. வேட்டைக்குச் சென்றவன் வேட்டைப் பொருளாதலும் உண்டென்பதற்கு இது சான்று. அன்றியும், தாரை எஞ்சின் பூட்டிய புதுவகை ஊர்திகளை ஹெலிகொப்டர் எட்டிப் பிடித்தல் அரிது. அதனாலேயே உக்ரேனியர் இப்பொழுது ஆளில்லா ஊர்தியை வீழ்த்தச் சில ஆயிரம் டொலர் விலையில் வேறோர் ஆளில்லா ஊர்தியையே ஏவத் தலைப்பட்டுள்ளனர். முள்ளை முள்ளாற் களைதல் என்பது இதுவே.

நம் இலங்கைத் தீவும் இப்பாடத்தை ஒருவகையிற் படித்ததுண்டு. 2007 மார்ச் 26 இல் விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அவை ஆளேறிய விமானங்களே எனினும், சிறியவை; தாழப் பறப்பவை; இரவில் வருபவை. ஆதலால் இன்றைய ஆளில்லா ஊர்தி விளைக்கும் அதே சிக்கலை அன்றே அவை விளைத்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 22 இல் அநுராதபுரத் தளம் தரையாலும் வானாலும் தாக்கப்பட்டபோது, விமானப்படையின் பெல்-212 ஹெலிகொப்டர் ஒன்று இருளிலே எழுந்தது. அது மிகிந்தலைப் பகுதியில் வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். தம்மவர் சூடே அதிற் பட்டிருக்கலாம் என்ற பேச்சும் அந்நாளில் எழுந்தது. எக்காரணத்தால் வீழ்ந்ததாயினும், மாண்டவர் நால்வரும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. அச்சம் நிறைந்த இருளிலே, எழுந்த ஊர்தி தம்மதோ பிறரதோ என்று அறிதல் எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி யாம் கொண்ட கருத்து இது: ஹெலிகொப்டரை ஆளில்லா ஊர்திக்கு எதிராகப் பயன்படுத்துதல் தகும், ஆனால் மூன்று வரையறைகளுக்குள் நின்றே தகும்.

முதலாவது, இடம். மேல்நோக்கிச் சுட்டதாயினும் கீழ்நோக்கிச் சுட்டதாயினும், சன்னம் ஈற்றில் மண்ணுக்கே வரும். வீழ்த்தப்பட்ட ஊர்தியும் அதன் வெடிமருந்தும் அவ்வாறே வரும். தொண்டைமானாற்று முகத்தில் நின்று வடக்கே நோக்கினால் கடல். பின்னே திரும்பினால் வீடும் தோட்டமும் செல்வச் சந்நிதி முருகன் கோயிலும். மேற்கே சில மைல் தொலைவிற் பலாலி விமான நிலையம். என்றோ ஒருநாள் அந்நிலையத்தைக் காக்க ஹெலிகொப்டர் எழுமாயின், அது சுட வேண்டிய இடம் கடலின் மேலா, எம் கூரைகளின் மேலா என்பது எமக்கு ஏட்டு வினா அன்று, உயிர் வினா. கடலும் வெட்டவெளியுமே இவ்வேட்டைக்கு உரிய களம்.

இரண்டாவது, அடையாளம். சுடுமுன் அறிதல் வேண்டும். தரையிலுள்ள பீரங்கியாளரும் வானிலுள்ள விமானியும் ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் ஒழுங்கு முன்னரே அமைதல் வேண்டும். அவ்வொழுங்கு இல்லாதார் ஹெலிகொப்டரை எழுப்பாதிருத்தலே நன்று.

மூன்றாவது, எச்சரிக்கை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு எய்யுமுன், பெண்டிரும் பிணியாளரும் பிறரும் அரண் சேர்க என்று அறிவித்தவனாக நெட்டிமையார் புறநானூற்றிலே போற்றுவர். பகைவன் நாட்டு மக்களுக்கே அவ்வறம் உரித்தாயின், தன் நாட்டு மக்களைக் காக்க எழுபவன் அவர்க்குச் சொல்லாமற் சுடலாமோ? சங்கொலி முன், சன்னம் பின் என்பதே முறை.

"ஊர்தி மருத்துவமனையை நோக்கி வரும்போது வரையறை பார்த்துக்கொண்டிருத்தல் கூடுமோ?" என்று ஒரு சாரார் தடை எழுப்புவர். கூடாதுதான். பெருந்தீங்கைத் தடுக்கச் சிறுதீங்கை ஏற்கும் வேளையும் வரும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேளை அடிக்கடி வருமாயின், அது காவலரின் வீரத்தைக் காட்டாது. முன்னேற்பாட்டின் குறையையே காட்டும். உக்ரேனியர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஒலிவாங்கிகளை நட்டு, வரும் ஊர்தியின் இரைச்சலைத் தொலைவிலேயே கேட்டறிந்து, வண்டிகளில் ஏற்றிய துப்பாக்கிகளை அதன் வழியில் நிறுத்துகின்றனர். 2025 மே மாதத்திற் பாகிஸ்தானிலிருந்து முந்நூறு நானூறு ஊர்திகள் ஓரிரவில் வந்தன என்று கூறிய இந்தியாவும், அவற்றை எதிர்க்கப் பழைய எல்-70 பீரங்கிகளையும் பயன்படுத்தியது. சிறிய நாட்டுக்கு முதலில் வேண்டுவன செவியும் கண்ணுமே. சிறகு அவற்றின் பின்னரே.

மேலும் ஒன்று. நம் நாட்டில் ஹெலிகொப்டர்கள் சிலவே. 2025 நவம்பரில் டித்வா புயல் இத்தீவை அலைத்தபோது, வெள்ளத்தின் நடுவே கூரைகளில் நின்றோரை அவையே தூக்கிக் காத்தன. அப்பணியில் லுணுவிலையில் பெல்-212 ஒன்று வீழ்ந்து, அதன் விமானி உயிர் நீத்தார். அந்நாட்களில் வானிலே இரைச்சல் கேட்டு அண்ணாந்து கைகாட்டி அழைத்த மக்களைச் செய்திப் படங்களிலே கண்டோம். அவ்விரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய எமக்கு அக்காட்சி புதுமையாயிருந்தது. கண் கலங்கவும் வைத்தது. ஊர்தி ஒன்றே, அதனை ஏவும் உள்ளமும், கட்டும் ஒழுங்குமே வேறு.

நம் ஊர்ப் பெயரையும் ஈண்டு நினைத்தல் தகும். கலிங்கப் போரை வென்ற கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றும் தோணிகள் செல்ல இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த செய்தி. அவன் வென்ற போரைப் புலவர் பாடினர். எம் ஊரவரோ அவன் வெட்டிய வாய்க்காலாலேயே அவனை நினைக்கின்றனர். மாணவர்களே, நாளை உங்களிற் சிலர் பொறியியலாளர் ஆவீர். சிலர் வானிற் பறப்பீர். சிலர் ஆணையிடும் இருக்கையிலும் அமர்வீர். எந்தப் படைக்கலம் உங்கள் கைக்கு வரினும், அதன் கீழே எவர் கூரை இருக்கின்றது என்று ஒருமுறை குனிந்து நோக்குங்கள். அன்று எம் வகுப்பில் எழுந்த வினாவுக்கு யாம் தரும் விடை அதுவே.