தங்கியதும் ஒரு குற்றமா?

பிறநாட்டார் தன் மண்ணில் எத்தனை காலம் தங்கலாம் என்று வரையறுக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரையறை அடிக்கடி மாறுமாயின், நேற்றைய விதியை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்டவன் இன்று குற்றவாளி ஆகின்றான். அவன் செய்தது யாது? இருந்த இடத்தில் இருந்தான்; அவ்வளவே. மலையகத் தமிழரின் வரலாறு இதனை நமக்குத் தெளிவாக எடுத்துரைக்கின்றது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை வழி முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயங்களிற் பிறந்த பலரிடம் அத்தகைய பத்திரம் ஏது? மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டமோ ஆண்டுகளை எண்ணத் தொடங்கியது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். ஊரிலே இழவு, திருமணம் என்று சென்று ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனுடைய கணக்கு அறுந்துபோயிற்று. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜைகளாக ஏற்கப்பட்டோர் சுமார் 134,000 பேரே.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தீர்மானம். அவ்வெச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர் அன்றே கப்பலேற வேண்டியதில்லை. அனுப்பப்படும் நாள் வரையிலோ 55 வயது வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை, அவர் வேலையிலிருக்கலாம் என்று ஒப்பந்தமே கூறிற்று. 1967இன் நடைமுறைச் சட்டத்தின்படி, இந்தியப் பிரஜையாக ஒருவர் பதியப்பட்டாலே இலங்கையின் கணக்கு நகரும். 1971இல் வந்த திருத்தமோ அவர் நாட்டைவிட்டு நீங்கினாலன்றிக் கணக்கு நகராது என்றது. 7 பேர் புறப்பட்டால் 4 பேருக்கு இங்கே உரிமை! அயல்வீட்டான் கப்பலேறும் நாளையே தன் உரிமைக்காக எதிர்பார்த்திருக்கும் அவலத்துக்கு மனிதனைத் தள்ளியதற்கு மேல் ஒரு கொடுமை உண்டோ?

ஊவாத் தோட்டங்களினின்று அவ்வாறு புறப்பட்டவர்களைச் சுமந்த புகையிரதங்கள், 6,200 அடி உயரத்திலுள்ள எங்கள் பட்டிப்பொல நிலையத்தைக் கடந்துதான் தலைமன்னாரை நோக்கி இறங்கின. மக்கள் அவற்றை ஒப்பாரிக் கோச்சி என்றனர். 1984இல் போரினாற் கப்பற் சேவை நின்றது. கையிலே இந்தியக் கடவுச்சீட்டு, அதிலே முடிந்துபோன விசா. போவதற்குக் கப்பல் இல்லை. இவர்களும் காலங்கடந்து தங்கியவர்கள்தாம்.

2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகளாகலாம் என்றது. கடவுச்சீட்டுப் பெற்றும் போகாதிருந்தவர்க்கும் வழி பிறந்தது. எத்தனை ஆண்டு தங்கினாய் என்பது குற்றச்சாட்டாக இருந்தது போய், உரிமைக்கு ஆதாரமாக மாறிற்று. காலந் தாழ்த்தி வந்ததெனினும் இதனை நான் பாராட்டுகின்றேன்.

ஆனால் அதே 2003இன் திருத்தச் சட்டத்தில் இந்தியா வேறொரு வாயிலை அடைத்தது. உரிய பத்திரமின்றி வந்தவரும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறிகள். பதிவின் மூலம் அவர்கள் குடியுரிமை பெற இயலாது. 1983இன் வன்செயலுக்குப் பின் படகேறிய மலையகத் தமிழரும் இவ்வகையிற் சேர்ந்தனர். ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் 1970களிற் கடவுச்சீட்டோடு சென்றிருந்தால் இந்தியக் குடிமகன்; தம்பி 1984இல் உயிருக்கஞ்சி ஓடியிருந்தால் சட்டவிரோதி. இருவர்க்கும் பாட்டனார் ஊர் ஒன்றே அன்றோ?

2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து இந்தியா 2025 செப்தெம்பரில் விலக்கியது. நல்ல காரியம். ஆயினும் தண்டியேன் என்பது வேறு, நீ எம்மவன் என்பது வேறு.

இவ்வாறு இளகினால் எல்லாரும் விதியை மீறித் தங்குவார்களே என்று சிலர் வினவுவர். நான் விதியை அழிக்கச் சொல்லவில்லை. புதிய விதி புதிதாய் வருபவர்க்கு ஆகட்டும். முன்னைய விதியின்கீழ் வேரூன்றியவர் மீது அது பாய்தல் முறையன்று. போகும் வழியை அரசே அடைத்திருக்க, போகவில்லை என்று குறை கூறுவதும் நீதியன்று. இலங்கை 55 ஆண்டுகளுக்குப் பின் ஏற்றுக்கொண்ட இந்த நியாயத்தை, முகாம்களிற் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தியாவும் வழங்க வேண்டும். அதற்கும் 55 ஆண்டுகள் ஆகுமாயின், முதலில் படகேறியவர்கள் அதனைக் காண இருக்கமாட்டார்கள்.