மலையடியில் ஆய்வுக்கூடம், மாணவனுக்கு எட்டுமா பயிலரங்கு?

புது தில்லி: பாடப்புத்தகத்துக்கு அப்பால், தாம் விரும்பும் துறையில் மாணவர்கள் சில நாள்கள் ஆழ்ந்து பயில்வதற்கான பயிலரங்குகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்று 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய கல்விக் கொள்கை கூறியது. பள்ளி அளவில் தொடங்கி மாவட்டம் வரை மன்றங்கள், அவற்றுக்கு மேல் தேசிய அளவில் உண்டு உறைவிடக் கோடை முகாம்கள் என்று படிப்படியான அமைப்பை அது விவரித்தது. தேர்வு தகுதி அடிப்படையில் இருக்கலாம். ஆனால் சமவாய்ப்பு அளிப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது அது விதித்த நிபந்தனை.

அதற்குப் பின் நிகழ்ந்திருப்பது வேறு. உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கென மத்திய அரசு நடத்திவந்த இரு பெரிய திறனறித் திட்டங்கள் நின்றுபோயின. எஞ்சியவற்றில் இடங்கள் குறைவு. அந்த இடங்களும் பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன.

பொன்முடி காட்டும் முரண்: இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான இடம் கேரளத்தின் பொன்முடி. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் இந்தப் பாதையை ஒட்டி, நாட்டின் உயர்ந்த அறிவியல் நிறுவனங்கள் இரண்டு அமைந்துள்ளன. 2007-ல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகம் வலியமலையிலும், 2008-ல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்) விதுராவிலும் இயங்குகின்றன. சற்றுத் தொலைவில் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது.

அதே மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும், காணி பழங்குடியினரின் ஊர்களும் இருக்கின்றன. எல்லைக்கு இப்பால் நெல்லை, குமரி மாவட்ட மலைகளிலும் வாழும் மக்களே இந்தக் காணிகள். மலையடியில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கும் மலைமேல் உள்ள பள்ளிக்கும் இடையே சாலை வழித் தொலைவு அதிகமில்லை. தேர்வு விதிகளின் வழியே பார்த்தால் அது மிக நீண்ட பயணம்.

மூடிய கதவுகள்: 1963-ல் வேரூன்றிய தேசிய திறனறித் தேர்வுத் திட்டத்துக்கான ஒப்புதல் 2021 மார்ச் 31-உடன் முடிந்தது, அதன் பின் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1999-ல் தொடங்கி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நடத்திவந்த கிஷோர் வைஞானிக் புரோத்சாஹன் யோஜனா, 2022-ல் கைவிடப்பட்டு 'இன்ஸ்பயர்' திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே மாணவரைக் கண்டறிந்து, உதவித்தொகையோடு அறிவியல் முகாம்களுக்கும் அழைத்துச் சென்ற திட்டம் அது.

இது வெறும் இணைப்பு அல்ல, அளவுகோலும் மாறிவிட்டது. முந்தைய திட்டம் தனி நுண்ணறித் தேர்வு ஒன்றை நடத்தியது. பொதுத் தேர்வில் பின்தங்கினாலும் அறிவியல் நாட்டமுள்ள மாணவர் அதில் வெல்ல இயலும். 2008-ல் அறிவிக்கப்பட்ட 'இன்ஸ்பயர்' திட்டத்தின் ஐந்து நாள் முகாம்களுக்கோ, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தத்தம் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பயில்வோரே அழைக்கப்படுவர் என்பது அடிப்படை விதி. வரலாறோ பொருளியலோ பயிலும் மாணவருக்கு அங்கு இடமே இல்லை. பெயரளவில் விருப்பப் பயிலரங்கு. ஆனால் யார் விரும்பலாம் என்பதை மதிப்பெண் பட்டியல் முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறது.

15-ம் 25-ம்: இஸ்ரோ 2019-ல் தொடங்கிய 'யுவிகா' இளம் விஞ்ஞானி முகாம் இவற்றில் ஓரளவு முன்னேறியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான இந்த இரு வார முகாமின் மையங்களில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் ஒன்று. முதல் ஆண்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் 3 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உத்தரப் பிரதேசத்துக்கும் 3, லட்சத்தீவுக்கும் 3. பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் நடைபெறாத முகாம், 2022-ல் 150 மாணவர்களுடன் மீண்டும் தொடங்கி, 2024-ல் ஏறத்தாழ 350 பேர் என்ற அளவுக்கு வளர்ந்தது.

2022-ம் ஆண்டு அறிவிப்பின் மதிப்பீட்டு முறை கவனிக்கத்தக்கது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், இணையவழி வினாடி வினாவுக்கு 10 சதவீதம். ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியில் பயில்வோருக்கு 15 சதவீதம். மத்தியத் திட்டங்களில் கிராமப் பள்ளிக்கு இவ்வளவு வெளிப்படையான முன்னுரிமை அரிது.

ஆனால் அதே பட்டியலில் அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டுப் போட்டி, சாரணர் அல்லது தேசிய மாணவர் படை ஆகியவற்றுக்குச் சேர்த்து 25 சதவீதம் வரை உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் பள்ளியில் வசதி வேண்டும், வழிகாட்ட ஆசிரியர் வேண்டும். நகரப் பள்ளி மாணவர் இந்த 25-ஐத் திரட்டினால், கிராம மாணவருக்குக் கொடுத்த 15 கரைந்துவிடுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் திரும்பப் பெறும் கணக்கு இது.

அடித்தளத்தில் நிதிச் சிக்கல்: விஞ்ஞானிகளின் நேரமும் விடுதி இடமும் அளவுக்குட்பட்டவை, லட்சக்கணக்கான மாணவரை இஸ்ரோ மையங்களுக்கு அழைத்துச் செல்ல இயலாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கு விடை மேலே இல்லை, கீழே இருக்கிறது. அப்துல் கலாம் தாம் மறைவதற்கு 18 நாள்களுக்கு முன், 2015 ஜூலை 9 அன்று, ராஷ்ட்ரீய ஆவிஷ்கார் அபியானைத் தொடங்கி வைத்தார். ஐஐடி, ஐசர், மத்திய பல்கலைக்கழகங்கள் போன்றவை அருகிலுள்ள அரசுப் பள்ளிகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதே அதன் கருத்து. விதுரா ஐசரும் பொன்முடிச் சரிவின் பள்ளிகளும் சந்திக்க வேண்டிய ஏற்பாடு அதுவே.

அத்திட்டம் தற்போது சமக்ர சிக்ஷா நிதியின் ஓர் உறுப்பு. அந்த நிதியோ மத்திய-மாநில அரசியலில் சிக்கிக்கொண்டது. பிஎம்ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25-ல் தமிழகத்துக்கு ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. அதனை விடுவிக்க வேண்டும் என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025-ல் பரிந்துரைத்தது. கேரளமும் நிதி கிடைக்காத நிலையில் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டது. கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் எதிர்த்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைக்க முடிவெடுத்தது. ஆண்டுக்குச் சில நூறு பேர் செல்லும் மேல்தட்டு முகாம்கள் தடையின்றி நடக்க, கோடிக்கணக்கான மாணவரின் பள்ளி அளவிலான பணிகள் அரசியல் பேரத்துக்குக் காத்திருந்தன.

மாநிலங்களின் வழி: கேரளம் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள், அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகள் 2,000-க்கும் மேற்பட்டவற்றில் இயங்குகின்றன. எட்டாம் வகுப்பில் சேரும் மாணவர், முதலில் தன் பள்ளியிலேயே பயிற்சி பெற்று, பிறகு உபமாவட்டம், மாவட்டம், மாநிலம் என்று முகாம்களில் ஏறிச் செல்கிறார். இதிலும் நுழைவுத் தேர்வு உண்டு. துறையும் தகவல் தொழில்நுட்பத்தோடு நின்றுவிடுகிறது. எனினும் முதல் படி மாணவனின் ஊரிலேயே இருக்கிறது. தமிழகம் 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் செய்முறையைக் கொண்டு சென்றது. ஆனால் அது 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலானவர்களுக்கென வகுக்கப்பட்டது. விருப்பத் துறை உருப்பெறும் உயர்நிலை வகுப்புகளுக்கும் அத்தகைய ஏற்பாடு தேவை.

பயிலரங்கின் பொருளும் தொலைவில் தேட வேண்டியதன்று. 1987-ல் அகத்தியமலைப் பயணத்தில் காணி வழிகாட்டிகள் களைப்பு நீங்க உண்ட பழத்திலிருந்து 'ஆரோக்கியப்பச்சை' ஆய்வு தொடங்கியது. பாலோட்டு நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்தில் பாதியைப் பழங்குடியினருக்கு அளித்த அந்த ஏற்பாடு, உலகம் எடுத்துக்காட்டும் முன்னோடியாயிற்று. தாவரவியல், சட்டம், பொருளியல் மூன்றும் கலந்த இந்தப் பாடத்தை விருப்பமுள்ள எந்த மாணவருக்கும் அங்கேயே நடத்தலாம்.

எம்.பி.க்கள் கேட்க வேண்டியது: எத்தனை முகாம்கள், எத்தனை மாணவர்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. பங்கேற்றவர்களில் அரசுப் பள்ளி மாணவர் எத்தனை பேர், ஊராட்சிப் பகுதியினர் எத்தனை பேர், தாய்மொழி வழியில் பயின்றோர் எத்தனை பேர் என்ற விவரங்களை அரசு அவையில் வைக்க வேண்டும். மத்திய நிதியில் இயங்கும் ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் தன் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பள்ளிகளுக்கு வழிகாட்டுகிறது என்பதையும் கணக்கில் காட்ட வேண்டும். கல்வி, அறிவியல் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கை விவாதமும் நிலைக்குழு ஆய்வும் இதற்கு உரிய இடங்கள். சமவாய்ப்பு என்று கொள்கையில் எழுதப்பட்ட சொல்லுக்கு அங்கேதான் கணக்குக் கேட்க முடியும்.