ஈரான் அணு விவகாரத்தில் இலங்கை வாய் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதிலிருந்து வெள்ளவத்தையில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. ஒரு சாரார் "ஈரான் அணுகுண்டு செய்துவிட்டது, அடித்தது சரி" என்கிறார்கள். மறு சாரார் "இஸ்ரேலிடம் இருக்கலாம் என்றால் ஈரானிடம் ஏன் இருக்கக்கூடாது?" என்று கேட்கிறார்கள். நமது தமிழ் ஊடகங்கள் இந்த இரண்டையும் மாறிமாறி எடுத்துக் கொடுத்ததோடு சரி. இடையில் இருக்கும் உண்மைகளை வாசகர் முன் வைக்கவில்லை. அரசாங்கமோ கவலை தெரிவித்து, நிதானம் காக்கும்படி கேட்டதோடு நின்றுவிட்டது. ஊடகங்கள், அரசாங்கம் இரண்டையும் கண்டித்தே இதை எழுதுகிறேன்.

ஈரான் மீதான சந்தேகம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. நதான்ஸ் செறிவூட்டல் நிலையத்தை ஈரான் தானாக வெளியே சொல்லவில்லை; 2002இல் நாடுகடந்து வாழும் எதிர்ப்பாளர்கள்தான் அம்பலப்படுத்தினார்கள். மலையைக் குடைந்து அமைத்த ஃபோர்டோ நிலையம் 2009இல்தான் உலகுக்குத் தெரிய வந்தது. மின் உலைக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவாகச் செறிவூட்டிய யூரேனியம் போதும். ஈரான் 60 வீதம் வரை போயிருக்கிறது. குண்டுக்குரிய 90 வீதத்தை அங்கிருந்து எட்டுவதற்கு அதிக காலம் பிடிக்காது. இந்த 60 வீத யூரேனியம் 400 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டதாகச் சர்வதேச அணுசக்தி முகவரகம் மே மாத அறிக்கையிலேயே கூறியது. தாக்குதலுக்கு முதல் நாள் அதன் ஆளுநர் சபை, ஈரான் தனது கடப்பாடுகளை மீறியிருக்கிறது என்று தீர்மானமும் நிறைவேற்றியது. ஈரானை ஆதரித்துப் பேசும் நண்பர்கள் இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆனால், குண்டு செய்யக்கூடிய நிலைக்கு வருவது ஒன்று. குண்டு செய்வது வேறொன்று. அணுகுண்டு தயாரிக்கும் திட்டமிட்ட முயற்சி நடப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அதே முகவரகத்தின் தலைவர் ரஃபேல் குரோசி போர் நடந்துகொண்டிருந்தபோதே சொன்னார். ஈரான் அணுவாயுதம் தயாரிக்கவில்லை என்பதே தமது மதிப்பீடு என்று அமெரிக்க உளவுத்துறைகளின் பணிப்பாளர் மார்ச் மாதத்தில் காங்கிரஸ் முன் சாட்சியமளித்தார். "ஈரான் குண்டு செய்கிறது" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட நம் பத்திரிகைகளில் இந்த இரண்டு கூற்றுகளையும் நான் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. 2003 பெப்ரவரியில் கொலின் பவல் பாதுகாப்புச் சபையில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிப் படங்களோடு விளக்கினார். அடுத்த மாதம் படையெடுத்தார்கள். அந்த ஆயுதங்கள் கிடைக்கவேயில்லை. இதைக் கண்ட பிறகும் தலைப்பு எழுதுகிறவர்கள் அவதானமாக இருக்க வேண்டாமா?

சந்தேகத்தின் பேரில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் இங்குள்ள லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். கொழும்பில் குண்டுகள் வெடித்த காலம் அது, அச்சம் பொய்யில்லை. ஆனால் யார் மீது என்ன குற்றச்சாட்டு என்று எவரும் சொல்லவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஓர் அரசும் லொட்ஜில் தங்கியிருந்த ஏழைப் பயணியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஓர் அரசுக்கு மறைக்க இடமும் வசதியும் உண்டு. அதனால் அதன் மீது சோதனை இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சோதிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், மறுபடியும் சோதிக்க வேண்டும். தண்டனையை முதலில் கொடுத்துவிட்டு விசாரணையைப் பிறகு பார்க்கலாம் என்பதை, இந்த ஊரில் குடியிருக்கும் தமிழர் எவரேனும் ஆதரித்துப் பேசக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சோதனை பயனற்றது என்பதும் பொய். 2015 ஜூலையில் வியன்னாவில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஈரான் 3.67 வீதத்துக்கு மேல் செறிவூட்டுவதில்லை, செறிவூட்டிய யூரேனியத்தை 300 கிலோவுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. பரிசோதகர்கள் போய்வந்தார்கள், ஈரான் வரம்புக்குள் நிற்கிறது என்று அறிக்கைக்கு மேல் அறிக்கை தந்தார்கள். 2018 மே மாதம் அந்த உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா விலகியது. 60 வீதமும் 400 கிலோவும் அதற்குப் பிறகு வந்தவை.

குண்டு போட்டு என்ன கிடைத்தது? 2025 ஜூன் 22ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூன்றையும் தாக்கின. ஜூலை 2ஆம் திகதி முகவரகத்துடனான ஒத்துழைப்பை இடைநிறுத்தும் சட்டத்துக்கு ஈரான் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். இரண்டு நாளில் பரிசோதகர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த 400 கிலோ எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல அப்போது அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

"ஈரானும் வைத்துக்கொள்ளட்டும், சமநிலை வரும்" என்போருக்கு அண்டை வீட்டைக் காட்டுகிறேன். 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டுச் சோதனை நடத்தின. ஜூலை இறுதியில் வாஜ்பாயும் நவாஸ் ஷெரீபும் சார்க் உச்சி மாநாட்டுக்காக இதே கொழும்புக்கு வந்து சந்தித்தார்கள். அடுத்த ஆண்டே கார்கிலில் போர். 2025 மே 7 முதல் 10 வரை மறுபடியும் ஏவுகணைகள் பறந்தன. குண்டு சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு சண்டையையும் எல்லோருக்கும் ஆபத்தானதாக மாற்றியிருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு நாடுகளும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31ஆம் திகதி ஒப்பந்தம் செய்தார்கள். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும், உறவு எவ்வளவு கெட்டிருந்தாலும், தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கூடங்குளத்திலிருந்து கற்பிட்டிக் கரை 250 கிலோமீற்றருக்கும் குறைவு. அணு நிலையங்கள் மீது குண்டு போடுவது உலகில் வழக்கமாகிவிட்டால் மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியாக இருக்காது.

ஈரான் விவகாரம் இப்போதும் நமக்கு வெளிநாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி அமைந்தது. 2012இல் ஈரான் மீதான தடையிலிருந்து விலக்குக் கேட்டு நாம் அமெரிக்காவிடம் போக நேர்ந்தது. பட்ட எண்ணெய்க் கடன் 25 கோடி டொலரைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதற்கு 2021இல் ஈரானுடன் உடன்படிக்கை செய்தோம். அந்தத் தேயிலையை மலையகத்தில் பறிப்பவர்கள் நம் சனங்கள். இஸ்ரேலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புக்காக அந்தப் பன்னிரண்டு நாளும் காத்திருந்த தாய்மார் எத்தனை பேர்!

ஆகவே இது நமது விவகாரம். பேசுவதற்கு நமக்குத் தகுதியும் இருக்கிறது, அநேக நாடுகளை விட அதிகமாகவே. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்ததற்குப் பின்னால் சிறிமாவோ பண்டாரநாயக்க நின்றார். 1996 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிய கருத்துரையில், ஒரு நாட்டின் உயிர்வாழ்வே கேள்விக்குள்ளாகும் தற்காப்புச் சூழலில் என்ன சட்டம் என்று முடிவு சொல்ல முடியவில்லை என்றது. நம் நாட்டு நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி அதை ஏற்க மறுத்து, எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதப் பிரயோகம் சட்டவிரோதமே என்று மாற்றுக் கருத்துரை எழுதினார். எதிரியின் இனத்தையே, ஆயுதம் ஏந்தாதவரையும் சேர்த்து, அழிக்கக்கூடிய ஆயுதத்தைப் பிரயோகிக்க வேண்டாம் என்று இராமன் இலக்குவனைத் தடுத்ததை அவர் அந்தக் கருத்துரையில் எடுத்துக்காட்டினார். அந்த எதிரி இலங்கை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 1995. அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த நியூயோர்க் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டின் ஜயந்த தனபால. அந்த நீடிப்போடு சேர்த்து நிறைவேறியதுதான் மத்திய கிழக்கை அணுவாயுதமும் பிற பேரழிவு ஆயுதங்களும் அற்ற வலயமாக்கும் தீர்மானம். அரபு நாடுகள் நீடிப்புக்கு இணங்கியது அந்த வாக்குறுதியை நம்பித்தான். முப்பது ஆண்டுகள் போய்விட்டன, வலயம் வரவில்லை. இஸ்ரேல் அந்த ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஈராக்கின் ஒசிராக் உலையை அது குண்டு வீசி அழித்தபோது, பாதுகாப்புச் சபை 1981 ஜூனில் ஏகமனதாகக் கண்டித்தது. இஸ்ரேல் தன் அணு நிலையங்களைச் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் வைக்க வேண்டும் என்றும் கேட்டது. 487ஆம் இலக்கத் தீர்மானம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறைவேறவில்லை.

மத்திய கிழக்கு வலயம் ஓர் இலங்கையர் தலைமையில் உலகம் கொடுத்த வாக்கு. அதை நினைவூட்டிக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு? 2023இல் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை ஏற்று உறுதிப்படுத்தினோம்; அதே ஆண்டு செப்டெம்பரில் அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் ஒப்பந்தத்திலும் இணைந்தோம். கையெழுத்துப் போட்ட நாடு, நேரம் வந்தபோது இரண்டு வரி அறிக்கையோடு ஒதுங்கி நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிறிய நாடு, கடன்பட்ட நாடு, பெரியவர்களைப் பகைக்க முடியாது என்பார்கள். 1971இலும் நாம் சிறிய நாடுதான்.

வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் அவர்களிடம் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் வியன்னாவில் அணுசக்தி முகவரகத்தின் பொது மாநாடு கூடுகிறது. கண்காணிப்பில் உள்ள அணு நிலையங்களைத் தாக்கியது தவறு, ஈரான் பரிசோதகர்களை உடனே திரும்ப அனுமதிக்க வேண்டும், இஸ்ரேலும் தன் கதவைத் திறக்க வேண்டும் என்ற மூன்றையும் இலங்கையின் பெயரில், ஒன்றைச் சொல்லி மற்றதை விடாமல், அங்கே எழுந்து சொல்லுங்கள். அதற்கு முன் பாராளுமன்றத்தில் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு கோரிக்கை. இந்த விவகாரம் நம் ஊரில் தமிழர், முஸ்லிம்கள் சண்டையாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டினார் என்று ஓர் இளைஞர் 2025 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானதை நாம் பார்த்தோம். அந்தச் சட்டத்தை நன்கு அறிந்த சமூகம் நாம். இந்தச் சண்டை வளராமலிருக்க, அணு விவகாரச் செய்தி எதையும் வெளியிடும்போது யார் சொன்னது, முகவரகம் என்ன சொல்கிறது என்ற இரண்டையும் அதே பத்தியில் சேர்த்து வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.