பெயர் பொறித்த கியூவும் பெயரில்லாத கைகளும்

"கியூ" எண்ட சொல்லைக் கேட்டதும் எங்கட தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நிண்ட வரிசைதான். இது அந்தக் கியூவைப் பற்றிய கதையில்லை. பூல் மேசையில் பந்தை அடிக்கிற தடிக்கும் அதுதான் பெயர். அந்தத் தடி ஒண்டு கொஞ்ச நாளாக எங்களுக்குள் பெரிய வாக்குவாதத்தையே கிளப்பிவிட்டது.

எங்கட நண்பன் ஒருவனின் மாமா ரொறன்ரோவில் ஒரு பூல் ஹோலில் இரவு வேலை செய்தவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஊருக்கு வந்தபோது, தோல் பெட்டியில் ஒரு கியூவையும் கொண்டுவந்தார். "இது பலபுஷ்கா, காரை விட விலை. கவனமா வையுங்கோ" எண்டு மட்டும் சொன்னாராம். மாமா இப்ப இல்லை. பெட்டி கட்டிலுக்குக் கீழ் கிடந்தது. நண்பனுக்குப் படிப்புச் செலவு கழுத்தை நெரித்தபோதுதான் அதைத் தூசி தட்டி வெளியில் எடுத்தான். அடிப்பாகத்தில் பொன் நிற எழுத்தில் அந்தப் பெயர் அழகாக இருந்தது. "மச்சான், தப்பிச்சிட்டன்" எண்டான்.

அந்தப் பெயர் யாருடையது எண்டு முதலில் பார்ப்போம். ஜோர்ஜ் பலபுஷ்கா 1912இல் ரஷ்யாவில் பிறந்தவர். 1924இல் குடும்பத்தோடு நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். மரவேலைதான் தொழில். 1959இல் புரூக்ளினில் ஒரு நண்பரோடு சேர்ந்து பில்லியட்ஸ் கூடம் ஒன்றை வாங்கினார். அங்கே உடைந்த கியூக்களைத் திருத்தத் தொடங்கியவர், பிறகு சொந்தமாகவே செய்யத் தொடங்கினார். 1975இல் இறக்கும் வரைக்கும் செய்தார். பெரிய தொழிற்சாலை எல்லாம் இல்லை, சின்னப் பட்டறைதான். அவருடைய கியூக்கள் மொத்தம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கலாம் எண்டு சேகரிப்பாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இண்டைக்கு நல்ல நிலையிலுள்ள ஒன்று பத்தாயிரக்கணக்கான டொலருக்குப் போகிறது.

உலகம் முழுக்க அந்தப் பெயரைக் கொண்டுபோனது ஒரு படம். 1986இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய 'த கலர் ஒஃப் மணி'. பழைய ஆட்டக்காரராக வரும் போல் நியூமன், இளைஞனாக வரும் டொம் குரூஸிடம் ஒரு பலபுஷ்காவைக் கொடுக்கிற காட்சி அதில் இருக்கிறது. படம் பார்த்தவர்கள் எல்லாம் அந்தப் பெயரைத் தேடத் தொடங்கினார்கள். ஆனால் வேடிக்கை என்னவெண்டால், படத்தில் காட்டியது பலபுஷ்காவே இல்லை. அதே தோற்றத்தில் ஜொஸ் நிறுவனம் செய்த கியூ அது. அந்தப் பெயருக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்ததே வேறொரு பட்டறையின் தடி எண்டால், கண்ணால் பார்த்துவிட்டு "ஓம், இதுதான்" எண்டு சொல்வது எவ்வளவு ஆபத்து எண்டு விளங்கும்.

பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, நண்பனின் கியூவைப் பார்க்க உட்கார்ந்தோம். பழைய கியூ ஏதாவது உங்கள் கையில் கிடைத்தால் உங்களுக்கும் உதவும் என்பதால், பார்த்ததை ஒழுங்காகச் சொல்கிறோம்.

முதலாவது, பெயர். பெயர் இருந்தால் நல்லது எண்டுதான் எல்லோரும் நினைப்போம். பலபுஷ்கா விசயத்தில் அது தலைகீழ். அவர் தன் கைப்படச் செய்த கியூக்களில் பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது. அவர் இறந்த பிறகு, உரிமம் வாங்கி அவர் பெயரில் தொழிற்சாலைகள் செய்த கியூக்களில்தான் பெயர் பளிச்செண்டு இருக்கும். அவை களவும் இல்லை, கெட்டவையும் இல்லை. பெயருக்கு அனுமதி உண்டு, விளையாடவும் நல்லாயிருக்கும். ஆனால் அவர் கை பட்டவை அல்ல. கியூவில் பெயர் இருக்கிறதைக் கண்டதும் சந்தோசப்பட்ட நாங்கள், உண்மையில் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, கூர்முனைகள். நல்ல கியூவின் அடிப்பாகத்தில், கறுப்பு மரம் வெளிர் மரத்துக்குள் ஈட்டி மாதிரி ஏறியிருக்கும். பழைய முறையில் இது அலங்காரத்துக்காக மட்டும் செய்ததில்லை. இரண்டு மரங்களையும் ஆப்பு வடிவில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒட்டுவார்கள். ஈட்டியைச் சுற்றித் தெரிகிற நிறக்கோடுகள் சாயம் பூசிய மெல்லிய மரத்தாள்கள். இப்படிச் செருகிய முனை ஊசி போலக் கூராக முடியும். கணினி இயந்திரத்தால் குடைந்து பதித்தால் முனை நுணுக்கமாக வட்டமாக இருக்கும், ஏனெண்டால் குடைகிற அலகு வட்டமாகச் சுற்றுவது. மலிவான கியூக்களில் இது வெறும் ஒட்டுப்படம், கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சுப்புள்ளிகள் தெரியும். எங்கட நண்பனின் கியூவில் முனைகள் வட்டமாக இருந்தன.

மூன்றாவது, மூட்டு. இரண்டு துண்டாகக் கழற்றுகிற கியூவில் நடுவில் ஒரு திருகாணி இருக்கும். ஒவ்வொரு கைவினைஞருக்கும் இதில் ஒரு பழக்கம் உண்டு. பலபுஷ்காவுடையது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு மூட்டு. திருகாணி ஒரு அங்குலத்தின் பதினாறில் ஐந்து பங்கு தடிப்பு, அங்குலத்துக்கு 14 புரி. நண்பனுடையதில் அதைவிடத் தடித்த, அகலப் புரி கொண்ட திருகாணி இருந்தது. மரத்தோடு மரம் நேராக முட்டியது.

நான்காவது, கைபிடியில் இருக்கிற நூல் சுற்று, அடி வளையங்கள், வார்னிஷ். பலபுஷ்கா ஐரிஷ் லினன் நூலைச் சுற்றினார். அடியில் வருகிற வளையங்களின் ஒழுங்கைப் பார்த்தே எந்தக் காலத்தில் செய்தது எண்டு சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வார்னிஷ் பிறகு பூசியதா, மேல்தண்டுகள் கூடவே பிறந்தவையா, அடிக்கடி சாண்ட் பேப்பர் போட்டு மெலிந்துவிட்டனவா எண்டும் பார்க்க வேணும். மேசையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். உள்ளே எப்படிச் செருகியிருக்கிறது எண்டு பார்க்க எக்ஸ்றே எடுக்கிற சேகரிப்பாளர்களும் உண்டு.

ஐந்தாவதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது எண்ட கதை. பழைய பற்றுச்சீட்டு, கடிதம், முதல் சொந்தக்காரர் அதோடு நிற்கிற படம். பெயரில்லாத கியூவுக்கு இவைதான் பிறப்புச் சான்றிதழ். எங்கட நண்பனிடம் இருந்தது மாமாவின் ஒரு வசனம் மட்டும்.

விலை விசயத்திலும் நாங்கள் ஒண்டு படித்தோம். இணையத்தில் ஒருவர் போட்டிருக்கிற விலை அவருடைய ஆசை. விற்று முடிந்த விலைதான் சந்தை. காப்புறுதிக்கு எழுதுகிற மதிப்பு ஒண்டு, வியாபாரி உங்கள் கையில் தருகிற காசு இன்னொண்டு. இன்னொரு விசயமும் இருக்கிறது. விற்க முதல் "வடிவாக்குவம்" எண்டு சுரண்டிப் புதுசாக வார்னிஷ் அடிக்காதீர்கள். கைபட்டுக் கறுத்த மரமும் பழைய பூச்சும்தான் சாட்சி. சாட்சியை அழித்துவிட்டுத் தீர்ப்புக் கேட்க ஏலாது.

தீர்ப்பு என்ன எண்டு நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அது தொழிற்சாலைக் கியூ. நல்ல கியூதான், ஆனால் காரை விட விலை இல்லை. நண்பன் கன நேரம் ஒண்டும் கதைக்கவில்லை.

வாக்குவாதம் அதுக்குப் பிறகுதான் தொடங்கியது. கொழும்பில் ஒரு இடைத்தரகர் படத்தைப் பார்த்துவிட்டு, "அதைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ தம்பி, பெயர் இருக்குத்தானே, வாங்கிறவன் பாத்துக்கொள்ளட்டும்" எண்டார். எங்களுக்குள்ளேயே சிலர் அதை ஆமோதித்தார்கள். வாங்குகிறவன் காசுக்காரன், நாங்கள் பொய் சொல்லவில்லையே, பேசாமல் இருக்கிறோம் அவ்வளவுதானே எண்டு வாதம். நாங்கள் அதை ஏற்கவில்லை. தெரியாமல் விற்பது தவறு. தெரிந்து பேசாமல் விற்பது மோசடி. கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு எங்களுக்குத் தெரியாது எண்டு சொல்கிற உரிமை போய்விட்டது.

இதில் அறம் மட்டும் இல்லை, இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நாங்கள் உண்மையில் எதுக்கு மதிப்புக் கொடுக்கிறோம்? பலபுஷ்கா எண்ட அந்தப் பெரிய பெயருக்குள்ளேயே வேறு பல கைகள் ஒளிந்திருக்கின்றன. தொடக்கத்தில் அவர் எடுத்துச் செதுக்கியவை பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் எண்ட கியூக்கள். பூல் ஹோல் சுவரில் சாத்தி வைத்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்து அடிக்கிற ஒரே துண்டுத் தடிகள் அவை. பிறகு சிக்காகோவின் பேர்ட்டன் ஸ்பெயின் செருகிக் கொடுத்த அடிமரங்கள் வந்தன. கடைசிக் காலத்தில் பென்சில்வேனியாவின் கஸ் சம்போட்டி செய்து கொடுத்தவை. அந்த ஊசிமுனைகளைப் பார்த்து "ஆகா, பலபுஷ்கா" எண்டு சொல்கிறபோது, பல நேரம் நாங்கள் ஸ்பெயினின் வேலையையோ சம்போட்டியின் வேலையையோதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சம்போட்டி பிறகு தன் பெயரிலேயே புகழ்பெற்றார். பிரன்ஸ்விக் தொழிற்சாலையில் அந்த மரங்களைச் செருகி ஒட்டிய தொழிலாளர்களின் பெயர்களை யாரும் ஏலத்தில் கூப்பிடுவதில்லை.

மரத்தையும் யானையையும் அதைவிடக் கேவலமாக மறந்துவிட்டோம். பழைய கியூக்கள் பலவற்றில் நுனியிலுள்ள வெள்ளை வளையமும் மூட்டும் யானைத் தந்தம். ஒரு காலத்தில் பந்தே தந்தத்தால்தான் செய்தார்கள். 1989இல் சைட்டிஸ் உடன்படிக்கை ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடை செய்தது. 2016இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள்ளும் விற்பனையைக் கடுமையாக இறுக்கியது. நியூயோர்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனிச் சட்டங்களும் கொண்டுவந்தன. சேகரிப்பாளர்கள் சிலர் "விலை விழுந்துவிட்டது" எண்டு புலம்புகிறார்கள். விழட்டும் எண்டுதான் நாங்கள் சொல்கிறோம். செத்த யானையையும் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு அரைகுறை மதிப்பீடு.

கறுப்பு மரத்துக்கு எங்கட நாட்டோடும் ஒரு சம்பந்தம் உண்டு. கியூவின் அடிப்பாகத்துக்குப் பெரிதும் விரும்புகிற மரங்களில் கருங்காலியும் ஒண்டு. ஆபிரிக்காவிலும் அதன் வகைகள் உண்டு. ஆனால் 'சிலோன் எபனி' எண்டு உலகம் கொண்டாடிய மரம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்வது, எங்கட உலர்வலயக் காட்டில் மெதுவாக, மிக மெதுவாகப் பருக்கிறது. காலனிக் காலத்தில் கண்டபடி வெட்டியதால் அது அருகிப்போய், இப்ப அந்த மரத்தின் ஏற்றுமதிக்கே இங்கே தடை. காட்டிக்கொடுக்கிறவனைத் திட்ட "கருங்காலி" எண்டு அந்த மரத்தின் பெயரை எடுக்கிற நாங்கள், மரத்தைக் காட்டிக்கொடுத்தவர்களைத் திட்டியதாகத் தெரியவில்லை.

பெயர்களைப் பற்றிப் பேசுவதால் இன்னொண்டும். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றவர் இலங்கையர், எம்.ஜே.எம். லஃபீர். ஹொலிவூட் படத்தால் பலபுஷ்காவை அறிந்த எங்கள் கூட்டத்தில், லஃபீரின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒரே ஒருவர். அவர் பிடித்த கியூ இப்போது யாராவது ஒரு வீட்டுக் கட்டிலுக்குக் கீழ் கிடந்தால், அதைக் கண்டுபிடித்து மதிப்பிட எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய சாமான்காரரின் தராசில் விறகோடு விறகாகப் போகாமல் இருந்தால் சரி.

நண்பன் கியூவை விற்றுவிட்டான். விளம்பரத்தில் அவன் எழுதியது இதுதான்: "பலபுஷ்கா பெயர் உள்ள தொழிற்சாலைக் கியூ. அவர் கையால் செய்தது அல்ல. எனது மாமா ரொறன்ரோவில் பாவித்தது." கிடைத்த காசில் ஒரு தவணைக் கட்டணம்கூட முழுதாகக் கட்ட ஏலவில்லை. மிச்சத்துக்குக் கடன்தான் வாங்கினான். வாங்கியவர் ஒரு இளம் ஆட்டக்காரர். "மாமா எவ்வளவு காலம் விளையாடினவர்?" எண்டு அவர் கேட்டாராம். இவனுக்குப் பதில் தெரியவில்லை. மாமா இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

உங்கட வீட்டிலும் ஏதாவது இருக்கும். கியூ இல்லாட்டி ஒரு மணிக்கூடு, ஒரு தையல் மெசின், ஒரு வயலின். "எவ்வளவு வரும்?" எண்டு இணையத்தில் தேட முதல், அதை வைத்திருந்த ஆள் உயிரோடு இருந்தால் பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள். யார் செய்தது, எங்கே வாங்கியது, ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் எண்டு கேட்டு, சொல்வதை ஒரு தாளில் எழுதித் திகதியும் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.