கண்டதைக் கண்டவாறு

யாத்திரை செய்வோர் பலர். கண்டவற்றை எழுதிவைப்போர் சிலர். கண்டதைக் கண்டவாறே எழுதுவோரோ மிகச் சிலர். நடந்த பயன் நடந்தவனோடு முடிந்துவிடும். எழுதிய பயன் பின்வருவோர்க்கும் உரியதாகும். ஆதலின் வழிச்செலவு செய்வார் யாவரும் எழுதுதல் வேண்டும், அதனையும் உண்மையாக எழுதுதல் வேண்டும் என்பது என் துணிபு.

சென்னையில் அந்நாளில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக விளங்கியவர் ஏனுகுல வீராசாமி. அவர் 1830ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ நூறு பேர் உடன்வர, காசிக்குப் புறப்பட்டார். இருப்புப்பாதை இல்லாத காலம் அது. ஐதராபாத்து, நாகபுரி வழியாகக் காசியை அடைந்து, கயை, கல்கத்தா, சகந்நாதம் ஆகிய இடங்களையும் கண்டு, 1831ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டார். வழியில் கண்டவற்றை நாள்தோறும் தெலுங்கில் குறித்துவைத்தார். அவர் மறைந்த பின், 1838இல் அந்நூல் அச்சேறியது.

கோயிலும் தீர்த்தமும் மட்டுமா அந்நூலில் உள்ளன? சாலை எத்தகையது, குடிநீர் கிடைக்குமா, தங்குமிடம் உண்டா, கடைவீதியில் எவை விற்கின்றன என்பனவும் உள்ளன. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சாட்சி கூறியதில் ஒரு சொல்லைக் கூட்டவும் ஆகாது, குறைக்கவும் ஆகாது. அத்தொழில் தந்த ஒழுக்கம் அவருடைய எழுதுகோலிலும் படிந்தது போலும்!

அமெரிக்க நாட்டிலும் இத்தகையார் ஒருவர் இருந்தார். சான் இலாயிடு சுடீபன்சு (1805–1852) நியூயார்க்கு நகர வழக்கறிஞர். உடல்நலம் நாடி வெளிநாடு சென்றவர், எகிப்து முதலிய நாடுகளைக் கண்டு நூல்கள் எழுதினார். பின்னர்க் கேதர்வுட் என்னும் ஓவியருடன் நடு அமெரிக்கக் காடுகளிற் புகுந்து, கோபான் முதலிய பாழ்நகரங்களை ஆராய்ந்து, 1841இல் நூல் வெளியிட்டார். அந்நகரங்களைக் கடல்கடந்து வந்த வேற்றினத்தாரே எழுப்பினர் எனப் பலர் கருதிய காலம் அது. எகிப்தை நேரிற் கண்டிருந்த அவர், இரண்டனையும் ஒப்பிட்டு, இவை அம்மண்ணின் மக்களுடைய முன்னோர் எழுப்பியனவே என்று முடிவு கட்டினார். சான்றை எடைபோடும் வழக்கறிஞரின் நேர்மை, ஓர் இனத்தாரின் பெருமையை அவர்க்கே மீட்டுத் தந்தது.

பயண நூல் சுவையாக இருந்தாற் போதும், சற்று மிகைப்படுத்தினால் குற்றம் என்ன என்பார் உளர். அறியாத ஊரைப் பற்றிப் படிப்பவன் எழுதியவனை நம்பியே படிக்கின்றான். அவனிடம் பொய் கூறுதல் வழிகேட்டவனுக்குத் திசைமாற்றிக் காட்டுவதை ஒக்கும்.

மாணவர்களே, நம் கம்பம் பள்ளத்தாக்கை எண்ணிப் பாருங்கள். மலையைக் குடைந்த சுரங்க வழியே பெரியாற்று நீர் இங்கே இறங்கியது 1895ஆம் ஆண்டில். அதற்கு முன் நம் முன்னோர் எதைப் பயிரிட்டனர்? எவ்வழியே மலை ஏறினர்? வானம் பொய்த்த ஆண்டில் எங்குச் சென்று பிழைத்தனர்? இவற்றை அறிய விரும்புவோர், 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு நூலையும், 1906இல் பிரான்சிசு தொகுத்த மாவட்ட விவரச் சுவடியையுமே முதலில் நாடுகின்றனர். அவ்விருவர் செய்த தொண்டு பெரிது. ஆயினும் ஆளவந்தவர் கண்டது ஒன்று. ஏர்பிடித்தவர் கண்டது மற்றொன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்று மீண்ட நம்மூரார் எத்தனை பேர்! அவர்கள் திண்ணையில் சொன்ன கதைகள் திண்ணையோடு போயினவே!

இனியேனும் அக்குறை தீர்தல் வேண்டும். அதற்குக் காசி வரை செல்ல வேண்டுவதில்லை. சுருளி அருவிக்கோ, போடி மலையின் ஏலத் தோட்டத்துக்கோ சென்றாலும், நாளும் வழியும் கண்டவையும் குறித்துவையுங்கள். கேட்டதைக் கேட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதுங்கள். நூறாண்டு கழித்து இப்பள்ளத்தாக்கைப் பற்றி அறிய விழைவோன் ஒருவன் வருவான். அவனுக்கு நம்மவர் கையெழுத்தே சான்றாகட்டும்.