அறம் படிக்கும் வயது

மரக்காணம் உப்பளத்தில் உவர்நீர் காய்ந்து உப்புப் பூத்ததும், தொழிலாளர்கள் கொதிக்கும் வெயிலில் நின்று அதைப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் அவர்கள் அடுப்பு எரிய யார் பொறுப்பு? உப்பள உரிமையாளரா, அரசா, உப்பை வாங்கும் நாமா? 2023 மே மாதம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது சரியா என்று ஊரெல்லாம் பேச்சு. இவையெல்லாம் அறவியல் கேள்விகள். இவற்றை நிதானமாக அலசும் பயிற்சியைப் பிள்ளைகளுக்கு எங்கே தருகிறோம்?

நம் மேல்நிலைப் பாடத்திட்டத்திலேயே ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்றொரு பாடம் இருக்கிறது. ஆனால் பிளஸ் ஒன் சேர்க்கை என்றாலே பெற்றோர் கேட்பது கணிதம், உயிரியல், கணினி, வணிகவியல்தான். பிரான்சில் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் தத்துவத் தேர்வில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறார்கள். திருக்குறளும் சமணமும் பௌத்தமும் வள்ளலாரும் வாழும் மண்ணில் அது முடியாதா? பதினாறு வயதில் சாதியும் மதமும் பிள்ளையைத் தம் பக்கம் இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. அடுத்தவர் நம்பிக்கையை மதித்துக் கேட்கவும், தன் நம்பிக்கையைக் கேள்வி கேட்கவும் அப்போதே பழக வேண்டும். எந்தப் பிரிவு எடுத்தாலும் வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது அறவியலுக்கு ஒதுக்குங்கள். மரக்காணத்துப் பள்ளியிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.