யார் கட்டிய வீடு?



போன வாரம் நம்மூரில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் என்னிடம் படித்தவர். கையைப் பிடித்து அறை அறையாகக் காட்டி, "நான் கட்டின வீடுங்க சார்" என்றார். மனம் நிறைந்தது. வெளியே வந்தால் பந்தல் ஓரம் இன்னொரு பழைய மாணவர். கொத்தனார். "இதை நான்தானுங்க சார் கட்டினேன்" என்றார், மெதுவாக.

யார் சொன்னது சரி?

எட்டாம் வகுப்பில் மூன்றாம் வேற்றுமை நடத்தியது நினைவிருக்கிறதா? கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது: ஏவுதல் கருத்தா. கொத்தனாரால் வீடு கட்டப்பட்டது: இயற்றுதல் கருத்தா. ஆகவே இருவருக்கும் முழு மதிப்பெண்.

கட்டுதல் என்றால் பிணைத்தல். என் சிறு வயதில் மூங்கிலைக் கயிற்றால் கட்டித்தான் ஓலை வேய்வார்கள். வீட்டுக்காரரே கூரைமேல் ஏறி முடிச்சுப் போடுவார். அக்கம்பக்கத்தார் கீழிருந்து ஓலை எடுத்துக் கொடுப்பார்கள். அன்று ஏவியவரும் இயற்றியவரும் ஒருவரே. செங்கல், சிமெண்ட் வந்தபின் வேலை கைமாறியது. வினைச்சொல் மட்டும் வீட்டுக்காரரிடமே தங்கிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. அதன் கல்வெட்டில் இராசராசன் 'எடுப்பிச்ச' என்கிறான். அதாவது எடுப்பித்த, பிறரைக் கொண்டு எழுப்பிய. பிறவினை! பேரரசனுக்கே அந்த நிதானம் இருந்திருக்கிறது. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது.

நம் வீட்டு வாசல் கல்லில் தாத்தா பாட்டி முதல் பேரன் வரை பெயர் உண்டு. கொத்தனார் பெயர் இல்லை. வேட்டி, துண்டு கொடுக்கிறோம், நல்ல வழக்கம்தான். ஆனால் மண் சுமந்த சித்தாள் பெண்கள் கடைசிப் பந்தியில்தானே சாப்பிடுகிறார்கள்?

'கட்டுவித்தேன்' என்று பேசச் சொல்லவில்லை; ஊரே சிரிக்கும். 'கட்டினேன்' என்றே சொல்லுங்கள். கூடவே, "கட்டிக் கொடுத்தவர் இவர்" என்று நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

இதை எழுத எனக்கும் முழுத் தகுதி இல்லை. என் வீட்டைக் கட்டியவரைக் கடைசிவரை 'மேஸ்திரி' என்றே கூப்பிட்டேன். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நேற்றுத்தான் அவர் மகனிடம் போய் அப்பா பெயரைக் கேட்டு எழுதி வந்தேன். கல்லில் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், வெண்ணந்தூர்